ஏழுமலை ஏறுமுன் கரடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வி: ஐயா, நான் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் எங்கள் தெருக்காரர்களும் கம்பெனி ஆட்களுமாகச் சேர்ந்து, திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு நடந்து போவோம். இந்த வருஷம் பெண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். அலிபிரியில் படி ஏறும்போது கரடி குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் பயம். என் பெண் டி.வி.யில் தென் அமெரிக்கக் கரடி ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘ஆளைப் பார்த்தா அது மரத்துல ஏறிக்கும்பா’ என்கிறாள். என் அம்மாவோ, ‘மூச்சை அடக்கிக்கிட்டுப் படுத்துட்டா ஒண்ணும் பண்ணாது’ என்கிறார். எது சரி?

பதில்: இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி மலை ஏறிவிடாதீர்கள். சேஷாசலம் காட்டில் இருப்பது வேறு கரடி, அதன் குணமும் வேறு. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பகலில் ஏறுங்கள், கூட்டமாக ஏறுங்கள், வாய் ஓயாமல் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறுங்கள். கரடி தென்பட்டால் ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். மேலே பாய்ந்துவிட்டால் மட்டும் குப்புறப் படுத்து, பிடரியை இரண்டு கையாலும் மூடிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். ஆனால் நெருக்கடி நேரத்தில், காரணம் தெரியாத அறிவுரை நினைவுக்கு வராது. அதனால் கரடி எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் மகள் பார்த்த கரடி

அது மூக்குக்கண்ணாடிக் கரடி. கண்ணைச் சுற்றி வெளிர் வளையங்கள் இருப்பதால் அந்தப் பெயர். வெனிசுவேலாவிலிருந்து கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா வரை நீளும் ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழ்கிறது. தென் அமெரிக்கா முழுமைக்கும் உள்ள ஒரே கரடி இனம் அதுதான். பெரும்பாலும் பழமும் செடிகொடிகளின் குருத்தும் தின்னும். கிளைகளை மடித்து மரத்தின் மேலேயே பரண் போல அமைத்துக்கொண்டு, அதில் உட்கார்ந்து சாப்பிடும். மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும், அல்லது மரத்தில் ஏறிவிடும். உங்கள் மகள் சொன்னது அந்தக் கரடியைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. குழந்தைகள் படக்கதையில் விரும்பிப் பார்க்கும் பேடிங்டன் கரடியும் பெரு நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதுதான்.

நம் காட்டுக் கரடி அப்படி மரத்தில் ஏறித் தப்பிக்கப் பார்க்காது. மரம் ஏறத் தெரியாமல் இல்லை. தேனுக்கும் பழத்துக்கும் நன்றாகவே ஏறும். ஆபத்து என்று நினைத்தால் மட்டும் நின்ற இடத்திலேயே எதிர்த்துத் திரும்பும். இதற்குக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது புலியை. புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில், மறைய இடமில்லாத வறண்ட நிலத்தில் கரையான் தோண்டி வாழும் விலங்கு இது. கிட்டத்தில் எதிர்பாராமல் ஏதாவது அசைந்தால், யோசிக்க அவகாசம் எடுத்துக்கொள்ளாமல் முந்திப் பாய்வதுதான் அதற்கு உயிர்காப்பு. அந்தப் பழக்கம் அதன் இரத்தத்தில் ஊறியது. எதிரே நிற்பது புலியா, பெருமாளைச் சேவிக்கப் போகிறவரா என்று அது பார்ப்பதில்லை.

கரையான் தின்னும் கரடி

தேன்கரடி என்றும் இதைச் சொல்வார்கள். தேன் அதற்குப் பிடிக்கும் என்றாலும், அன்றாடச் சாப்பாடு கரையானும் எறும்பும் பழங்களும்தான். ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரையும், பெண் 55 முதல் 95 கிலோ வரையும் எடை இருக்கும். உடல் முழுக்கச் சடை சடையாகக் கறுப்பு மயிர், வெளிறிய மூஞ்சி, நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைகோடு. முன்னங்கால் நகங்கள் ஏறத்தாழ 4 அங்குலம் நீளம். புற்றைப் பெயர்த்தெடுப்பதற்காக வளர்ந்த நகங்கள் அவை. மேல் தாடையில் முன்பற்கள் இரண்டு இருக்காது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். புற்றை உடைக்கும், தூசியை ஊதித் தள்ளும், மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்து இழுக்கும். அந்த ஓசை 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

உங்களுக்கான முதல் பாடம் இந்த ஓசையில்தான் இருக்கிறது. சாப்பிடும் கரடியின் தலை குழிக்குள் இருக்கிறது. அது எழுப்பும் சத்தத்தில் உங்கள் காலடி ஓசை அதற்குக் கேட்காது. அதன் பார்வையும் கூர்மையானதில்லை. மோப்பம் மட்டும் அபாரம். காற்று கரடியிடமிருந்து உங்கள் பக்கம் வீசினால் அந்த மோப்பமும் பயன்படாது. ஆகவே நீங்கள் 10 அடி தூரத்தில் வந்து நிற்கும்வரை நீங்கள் வருவது அதற்குத் தெரியாமலே போகலாம். தாக்குதல்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட திடீர்ச் சந்திப்பில் நடப்பவை. மனிதரை இரையாக நினைத்துக் கரடி தேடி வருவதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையிலான 5 ஆண்டுகளைப் பற்றிய ஓர் ஆய்வு இருக்கிறது. அந்தக் காலத்தில் 735 பேரைக் கரடி தாக்கியது, அவர்களில் 48 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஆறேழு பேர். அதாவது பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கரடிக்கு வேண்டியது எதிரே இருக்கும் ஆபத்து விலக வேண்டும் என்பதுதான். விலகிவிட்டது என்று தோன்றியதும் அது போய்விடுகிறது. ஆனால் பிழைத்தவர்களில் பலர் கண்ணையும் மூக்கையும் தலைத் தோலையும் இழந்து வாழ்கிறார்கள். அதனால்தான் கீழே முகத்தையும் பிடரியையும் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

உங்கள் தொழிற்பேட்டையிலேயே இதை நேரில் அறிந்தவர்கள் இருக்கலாம். சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ பொறுக்க விடியுமுன் காட்டுக்குப் போகிற ஊர்கள் அவர்களுடையவை. அதே பூவைத் தின்னக் கரடியும் அதே மரத்தடிக்கு வரும். எந்த நேரத்தில் போகக்கூடாது, எப்படிக் குரல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருப்பார்கள். உங்கள் யாத்திரைக் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எந்த மாதத்தில் என்ன கவனிப்பது

திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலம் மலைக் காடுகள் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் அங்கேதான். பாறையும் முட்புதரும் இலையுதிர் மரங்களுமான இந்தக் காடு கரடிக்குப் பிடித்தமானது. நம் நாட்டுக் கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிப்பதில்லை. வருஷம் முழுவதும் நடமாடும். எந்த மாதத்தில் எங்கே நடமாடும் என்பதுதான் மாறும்.

புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்து மண் இளகியிருக்கும். புற்றைத் தோண்டுவது சுலபம். படிக்கட்டு ஓரம் புதிதாகப் பெயர்த்த புற்று, ஆழமாகக் கீறிய குழி, கிளறிப் புரட்டிய கல் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் நின்று இளைப்பாறாதீர்கள்.

கார்த்திகை முதல் தை வரை குட்டி ஈனும் காலம். பாறை இடுக்கிலோ தானே தோண்டிய குழியிலோ தாய்க்கரடி ஒன்றிரண்டு குட்டிகளை ஈன்று உள்ளேயே வைத்திருக்கும். வைகுண்ட ஏகாதசிக்கும் புத்தாண்டுக்கும் நடந்து போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். நிழலுக்கோ வேறு அவசரத்துக்கோ பாதையை விட்டு இறங்கிப் பாறை மறைவைத் தேடிப் போவது பேராபத்து.

மாசி, பங்குனியில் குட்டிகள் வெளியே வரும். தாய் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். கரடி இனங்களிலேயே குட்டியை முதுகில் சுமப்பதை வழக்கமாகக் கொண்டது இது ஒன்றுதான். முதுகில் குட்டியோடு இருக்கும் தாயைவிட ஆபத்தான கரடி காட்டில் கிடையாது.

சித்திரை முதல் ஆடி வரை பழக்காலமும் இணைசேரும் காலமும். நாவல், அத்தி, ஆல், கொன்றைக் காய் என்று மரத்தடி தோறும் கரடிக்கு வேலை இருக்கும். பழம் உதிர்ந்து கிடக்கும் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

உங்களைப் போன்ற தொழிற்பேட்டைக் குழுக்கள் செய்யும் நேரக் கணக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடித்துக் கிளம்புகிறவர்கள், ‘திருப்பதி போய்ச் சேர்ந்ததும் கையோடு மலை ஏறிவிடலாம்’ என்று இருட்டிய பிறகு அலிபிரியில் கால் வைக்கிறார்கள். கரடி முக்கியமாக நடமாடுவது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கீழ்த் திருப்பதியில் ஓர் இரவு தங்கி, நன்றாக விடிந்த பிறகு ஏறுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் நடந்த காலுக்கு அந்த ஓய்வு எப்படியும் வேண்டும். களைத்துப்போனவர் தலை கவிழ்ந்து, பேச்சில்லாமல், கூட்டத்திலிருந்து பின்தங்கி நடப்பார். காட்டில் செய்யக்கூடாத மூன்றும் அதில் இருக்கின்றன.

இரண்டு பாதைகளில் எது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அலிபிரி பாதையில் 3,550 படிகள். கடை, விளக்கு, ஆள் நடமாட்டம் எல்லாம் அதில் அதிகம். ஸ்ரீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388 படிகள். நீளம் குறைவு, செங்குத்து அதிகம். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிற உங்களுக்கு அலிபிரியே நல்லது.

2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பாதையோரம் வைத்த கேமராக்களில் சிறுத்தைகளோடு கரடியும் பதிவானது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் பக்தர்களுக்குக் கைத்தடி கொடுத்தது. சிறுவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் விடுவதில்லை என்றும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இத்தகைய விதிகள் நிலைமைக்கேற்ப மாறும். அலிபிரியில் நிற்கும் தேவஸ்தான ஊழியரிடம் அன்றைய நேரத்தையும் விதியையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். ‘போன வருஷம் விட்டார்களே’ என்று அவரிடம் வாதாடாதீர்கள்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு ஒரு தடி, குழுவுக்கு நல்ல வெளிச்சம் தரும் டார்ச் இரண்டு, ஒரு விசில், சுத்தமான பருத்தித் துண்டுகள், ஒரு சோப்பு. தடியின் தலைப்பில் இரண்டு சலங்கை கட்டுங்கள். அந்தக் காலத்தில் காட்டு வழியே தபால் மூட்டை சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் ஈட்டியில் சலங்கை கட்டிக்கொண்டுதான் ஓடினார்கள்.

படி ஏறும்போது

கோவிந்தா என்று நீங்கள் போடும் கோஷம் பக்தி மட்டும் இல்லை, உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. மனிதர் வருவது முன்கூட்டித் தெரிந்தால் கரடி தானாக விலகிப் போய்விடும். அந்த அவகாசத்தை அதற்குக் கொடுப்பதுதான் முழு உபாயமும். வளைவுகளிலும், புதர் நெருங்கிய இடத்திலும், ஓடை குறுக்கிடும் இடத்திலும், சத்தம் அடங்கிப்போகும் காற்று வேளையிலும் குரலை உயர்த்துங்கள். தொண்டை வறண்டவர் நிறுத்தினால் அடுத்தவர் எடுக்க வேண்டும்.

காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஏறுகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். அலிபிரியில் கால் வைக்கும்போதே அதைக் கழற்றிப் பையில் போடச் சொல்லுங்கள். கரடி மண் கிளறும் ஓசையும் உறுமலும் அவர்கள் காதில் விழ வேண்டும்.

குழுவாக நடக்கும்போது வரிசை முக்கியம். முன்னே இரண்டு பெரியவர்கள், பின்னே இரண்டு பெரியவர்கள், நடுவே பிள்ளைகள். படி ஏறும் உற்சாகத்தில் சிறுவர்கள் 50 படி முன்னால் ஓடுவார்கள். அதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் குழுவே நிற்கட்டும். கழிப்பறை வசதி உள்ள இடத்தில் எல்லோரும் போய்விட்டு வாருங்கள். புதர் மறைவுக்குத் தனியே யாரும் போகக்கூடாது.

சாப்பாட்டு மிச்சத்தையும் பழத்தோலையும் பாதையோரம் போடாதீர்கள். மானுக்கும் குரங்குக்கும் என்று நல்ல மனத்தோடு போடுகிறவர்கள் உண்டு. அந்த மிச்சத்துக்குப் பன்றியும் நாயும் வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். இனிப்பும் எண்ணெயும் நெய்யும் கலந்த மிச்சம் கரடிக்கும் பிடிக்கும். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கரடிகள் கோயில்களில் நுழைந்து விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடிப்பதும், கடைக் கதவை உடைத்து உள்ளே போவதும் தொடர்கதை. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடியை மறுபடி காட்டுச் சாப்பாட்டுக்குத் திருப்புவது கடினம். உங்களுக்குப் பின்னால் வருகிற இன்னொரு குடும்பத்துக்குத்தான் அது ஆபத்தாக முடியும்.

பார்த்துவிட்டால்

தூரத்தில், அது உங்களைப் பார்க்காத நிலையில் இருந்தால்: வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். செல்போனை எடுக்காதீர்கள். கீழே வருகிறவர்களிடம் சொல்லி நிறுத்துங்கள். பாதுகாப்பு ஊழியருக்குத் தகவல் கொடுங்கள். அது தன் வேலையை முடித்துக்கொண்டு போகும் வரை காத்திருங்கள்.

அது உங்களைக் கவனித்துவிட்டால்: நில்லுங்கள். குழு நெருங்கி ஒன்றாகச் சேரட்டும், பிள்ளைகள் நடுவில். பின்னங்கால்களில் எழுந்து நின்றால் பதற வேண்டாம். யார் என்று பார்க்கவும் மோப்பம் பிடிக்கவுமே பெரும்பாலும் அப்படி நிற்கும். அமைதியான குரலில் பேசிக்கொண்டே, முதுகைக் காட்டாமல், மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். அது தப்பிப் போக ஒரு பக்கம் வழி திறந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டம் நின்று அதை நடுவில் அடைத்துவிட்டால், யாரையாவது கடித்துத்தான் அது வெளியேறும்.

ஓடி வந்தால்: நீங்கள் ஓடாதீர்கள். உங்களைவிட அது வேகமாக ஓடும். மேட்டிலும் ஓடும், பள்ளத்திலும் ஓடும். பல நேரம் பாய்வது போல வந்து பாதியில் நின்று திரும்பிவிடும். நெருங்கி நின்று, தடியையும் பையையும் குடையையும் முன்னே நீட்டி, எல்லோரும் ஒரே குரலில் உரக்கக் கத்துங்கள். நோக்கம் அதை அடிப்பதில்லை. உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

மேலே விழுந்துவிட்டால்: குப்புறப் படுங்கள். விரல்களைப் பின்னிப் பிடரியை மூடுங்கள், முழங்கைகள் முகத்தின் இரு பக்கமும் அணையாக இருக்கட்டும். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள், அது கவசம். புரட்டிவிடாதபடி கால்களைச் சற்று அகட்டி வையுங்கள். அசையாமல் கிடங்கள். கரடி விட்டு விலகியதும் உடனே எழுந்துவிடாதீர்கள். அது நன்றாகத் தூரம் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். இரண்டு நண்பர்களும் கரடியும் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். ஈசாப் கதைகளிலிருந்து வந்தது அது. அதில் ஒருவன் மரத்தில் ஏறுகிறான், இன்னொருவன் மூச்சை அடக்கிப் படுக்கிறான். நட்பைப் பற்றி அந்தக் கதை சொல்வது மிக உண்மை. கரடியைப் பற்றி மட்டும் மூன்று திருத்தம் வேண்டும். மரத்தில் ஏறியவனும் தப்பித்தவனில்லை, கரடியும் ஏறும். படுப்பது கடைசி உபாயம். கரடி தூரத்தில் இருக்கும்போதே படுத்தால் விலகிப் போகும் வாய்ப்பை நாமே இழக்கிறோம். மூன்றாவதுதான் மிக முக்கியம். மல்லாந்து படுக்கக்கூடாது. கரடியின் நகத்துக்கும் பல்லுக்கும் முதல் இலக்கு முகம். மூச்சை அடக்கத் தேவையில்லை, முகத்தை மறைத்தாக வேண்டும். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘படுக்கிறது சரிதான்மா, ஆனா குப்புற.’ பிள்ளைகளைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை படுக்க வைத்துப் பழக்குங்கள். விளையாட்டாகக் கற்றது நெருக்கடியில் கை கொடுக்கும்.

இன்னொருவரைக் கரடி பிடித்துவிட்டால் என்ன செய்வது? 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மசாலா வியாபாரி ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடிய இருவரையும் அது கடித்துக் குதறியது. மூவரும் படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த இருவரின் துணிச்சல் பெரிது. அந்தத் துணிச்சல் பயன்பட வேண்டுமானால், ஒவ்வொருவராகக் கிட்டே போகாமல், எல்லோரும் சேர்ந்து தள்ளி நின்றபடி ஒரே நேரத்தில் பெருஞ்சத்தம் எழுப்ப வேண்டும். விசில், தகரம், டார்ச் வெளிச்சம், கூச்சல் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். எதிர்ப்பக்கம் அது ஓட வழி இருக்க வேண்டும்.

காயம் பட்டால்

108-க்கு அழையுங்கள். ஆந்திராவிலும் அதே எண்தான். பெருகும் இரத்தத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பது முதல் வேலை. தலைத்தோலோ முகத்தோலோ கிழிந்து தொங்கினால் வெட்டி எறியாதீர்கள். மெதுவாக அதன் இடத்திலேயே பொருத்தி, ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுபோங்கள். அறுவை மருத்துவர் அதைத் திரும்பத் தைக்க முடியும். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது.

இரத்தப் பெருக்கு இல்லாத கடியையும் கீறலையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். காட்டு விலங்கு கடித்தால் வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியும், காயத்தைச் சுற்றிப் போடும் நோயெதிர்ப்பு ஊசியும், டெட்டனஸ் ஊசியும் தேவை. ‘சின்னக் கீறல்தானே’ என்று தரிசனம் முடியும்வரை தள்ளிப் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு மீதித் தவணை ஊசிகளைத் திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் தவறாமல் போட்டு முடியுங்கள். சிகிச்சைச் சீட்டையும், வனத்துறைக்கு எழுதிக் கொடுத்த புகாரின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்க இரண்டும் வேண்டும்.

தடாவுக்கும் நாகலாபுரத்துக்கும் போகிறவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி, காக்களூர் பக்கத்து இளைஞர்கள் வார விடுமுறையில் தடா அருவிக்கும் நாகலாபுரம் மலைக்கும் பைக்கில் போகிறார்கள். அவையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகள்தான். மேலே சொன்ன எல்லா விதியும் அங்கேயும் பொருந்தும். திருமலையில் இருக்கும் விளக்கும் ஊழியரும் கூட்டமும் அங்கே இல்லை என்பதால் இன்னும் கடுமையாகப் பொருந்தும். அனுமதி உள்ள நேரத்தில், அனுமதி உள்ள வழியில் மட்டும் போங்கள். பொழுது சாயுமுன் வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்துவிடுங்கள். குடித்துவிட்டுக் காட்டில் இறங்காதீர்கள். ஓடைப் படுகையில் முன்னே போகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே போகட்டும், தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பாறை இடுக்குகளில் எட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

பாதையில் விற்கும் தாயத்து

கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் கரடி முடி கட்டிய தாயத்தும், கரடி நகமும், கரடி நெய் என்ற பெயரில் எண்ணெயும் விற்பார்கள். குழந்தையின் பயம் தெளியும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெருவில் கரடியைக் கூட்டிவந்து குழந்தைகளை அதன் முதுகில் ஏற்றிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கரடிகள் குட்டியிலேயே தாயைக் கொன்று பிடிக்கப்பட்டவை. மூக்கைத் துளைத்துக் கயிறு கோர்க்கப்பட்டவை. வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ் என்ற அமைப்பு அப்படிப்பட்ட 628 கரடிகளை மீட்டது. கரடியாட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழிலும் அமைத்துக் கொடுத்தது. கடைசிக் கரடி 2009-ல் மீட்கப்பட்டது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் முடியையோ நகத்தையோ வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மலையில் கரடிக்குப் பயப்படுகிற நாம், அதைக் கொன்று எடுத்த நகத்தைக் குழந்தையின் கழுத்தில் கட்டுவது நியாயம் ஆகாது.

பிள்ளைகளுக்கு முதலில் காட்டுங்கள்

யாத்திரைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராம் பக்கம் வந்து, வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். கரடி எப்படி நடக்கிறது, மோப்பம் பிடிக்கும்போது தலையை எப்படித் தூக்குகிறது, நகம் எவ்வளவு நீளம் என்று பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். பயத்தில் பாதி தெரியாமையால் வருவது. மீதிப் பாதி மரியாதையாக மாறட்டும்.

உலகில் இந்தக் கரடிகள் 20,000-க்கும் குறைவாகவே இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்தியாவில், மீதி பெரும்பாலும் இலங்கையில். அழியும் வாய்ப்புள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கர்நாடகம் ஹம்பிக்கு அருகே தரோஜியில் 1994-லேயே கரடிகளுக்கென்று ஒரு சரணாலயம் அமைத்தது. 2022 முதல் ஒவ்வோர் அக்டோபர் 12-ஆம் தேதியும் இந்தக் கரடிக்கான உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. எல்லா ஆண்டும் அது புரட்டாசியில்தான் வருகிறது, நீங்கள் மலை ஏறும் அதே மாதம்.

ஆகவே உங்கள் குழுவிடம் இதைச் சொல்லுங்கள். நாம் ஒரு நாள் ஏறி இறங்கும் மலையில் அது பிறந்து, வளர்ந்து, குட்டி பெற்று வாழ்கிறது. நம்மைத் தேடி அது வருவதில்லை. நாம் வருவதை அதற்குச் சொல்லிவிட்டுப் போனால், வழி விட்டு ஒதுங்கும். ஆகவே விடிந்த பிறகு ஏறுங்கள், பிள்ளைகளை நடுவில் வையுங்கள், சலங்கைத் தடியைத் தட்டி, கோவிந்தா கோஷத்தை ஒரு வளைவிலும் நிறுத்தாமல் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்.